நான்கு லட்சம் கையில் இருக்கிறது, டீக்கடையா, தொக்கு வியாபாரமா?

பின்னால் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் வீடு. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலை. சேமிப்பும் சீட்டு எடுத்ததும் சேர்த்துக் கையில் நான்கு லட்சம். நண்பர் ஒருவர் டீக்கடை பிரான்சைஸ், அதாவது ஒரு கம்பெனியின் பெயரில் கிளை எடுக்கச் சொல்கிறார், மாதக் கடைசிக்குள் 50,000 டோக்கன் முன்பணம் கட்டாவிட்டால் ஏரியா வேறு ஆளுக்குப் போய்விடுமாம். மனைவி செய்யும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள், அதைப் பாட்டிலில் போட்டு விற்கலாமா என்று இன்னொரு யோசனை. இதற்கு நடுவில், யார்டில் அவசரத்துக்குச் சரக்குக் கட்டும் லேஷிங் பெல்ட்டோ தார்ப்பாயோ வேண்டுமென்றால் பாரிமுனைக் கடைகளுக்கு ஆள் அனுப்பி அரை நாள் வீணாகிறது, இந்த அலைச்சலுக்குச் சொந்தக் கடை எவ்வளவோ மேல் என்று ஒரு வரி புலம்பல். கடைசியில், இரண்டில் எது ஓடும், வேறு நல்ல ஐடியா இருந்தாலும் சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள்.

ஐடியா உங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கிறது. எது ஓடும் என்று பணத்தை இறக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா, அதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். வழி உண்டு. முழு உத்தரவாதம் கிடைக்காது, ஆனால் பெரிய நஷ்டத்தைச் சின்ன நஷ்டமாக ஆக்கிக்கொள்ள முடியும்.

நான் தண்டையார்பேட்டையில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதி வரி தாக்கல் செய்து கொடுக்கிறவன். ஜிஎஸ்டிக்கு முந்தின வாட் வரிக் காலத்திலிருந்து இதே வேலை. கடை திறப்பு விழாவுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள், கடையை மூடிப் பதிவை ரத்து செய்யவும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் ஒரு தொழில் எந்த மாதத்தில் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது என்பது நோட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஆப் கம்பெனி, முதலீட்டாளர், கோடிக்கணக்கில் மதிப்பு என்கிற உலகம் எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்வது நான்கைந்து லட்சத்தில் ஆரம்பிக்கிற தொழில்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

மூடப்பட்ட கடைகளின் கணக்கைப் பார்த்ததில் ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. பொருள் மோசமாக இருந்து மூடிய கடை ரொம்பக் குறைவு. வாங்குகிற ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே அட்வான்ஸ், இன்டீரியர், போர்டு, மெஷின் என்று கைப்பணம் அத்தனையும் உள்ளே போய், மூன்றாவது மாத வாடகைக்கே தடுமாறி மூடியவைதான் அதிகம். சென்னையில் கடைக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம். 20,000 வாடகை என்றால் உங்கள் நான்கு லட்சத்தில் பாதி ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே போய்விட்டது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் வாங்குகிறவர், பிறகு பொருள், கடை கடைசியில்.

வாங்குகிறவரை எங்கே தேடுவது? ஏற்கெனவே காசு கொடுத்துக்கொண்டே குறைப்பட்டுக்கொள்கிறவர்களிடம். இட்லி மாவு விற்கும் ஐடி பிரெஷ் கம்பெனியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2005ல் முஸ்தபாவும் அவருடைய உறவுமுறைச் சகோதரர்களும் பெங்களூரில் 50 சதுர அடி இடத்தில் அதை ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டு மாவு விற்றதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த மாவின் மேல் ஆயிரம் புகார், இருந்தும் ஜனங்கள் தினமும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் புகார்தான் அவர்களுக்கு முதலீடு. அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு 100 பாக்கெட்டை எட்ட ஒன்பது மாதம் ஆயிற்று என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதை இங்கே சொல்வது அந்த ஒன்பது மாதத்துக்காகத்தான். கிராக்கி கண்முன்னே தெரிகிற பொருளுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. உங்கள் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இப்போது டீக்கடை. டீக்குக் கிராக்கி இருக்கிறதா என்று யாரும் கேட்கத் தேவையில்லை. உங்கள் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ ஓடினால் கட்டுப்படியாகும் என்று மட்டும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு வாடகை 20,000. டீ மாஸ்டருக்கும் ஒரு கையாளுக்கும் சம்பளம், சாப்பாடு சேர்த்து 36,000. கரண்ட், தண்ணீர், சில்லறைச் செலவு 8,000. ஆக மாதம் 64,000. டீ 15 ரூபாய் என்றால் பால், தூள், சர்க்கரை, கேஸ், கப் போக 8 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 64,000ஐ 8ஆல் வகுத்தால் மாதம் 8,000 டீ, தினம் 267. அவ்வளவு விற்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, கடைக்கு நஷ்டமில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு மாதம் 25,000 எடுக்க வேண்டுமென்றால் தினம் 371 டீ. போண்டா, சமோசா, பிஸ்கட் கொஞ்சம் தாங்கும். பிரான்சைஸ்காரருக்கு ராயல்டி கொடுக்க வேண்டியிருந்தால் அந்தத் தாங்கலும் அதிலேயே போய்விடும். என் எண்கள் உங்கள் தெருவுக்கு அப்படியே பொருந்தாது, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், வகுக்கிற முறை ஒன்றுதான்.

இந்த 371 வந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்குச் செலவே இல்லை. நண்பர் காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டீக்கடைக்கு எதிரே ஒரு சனிக்கிழமையும் ஒரு சாதாரண வேலை நாளும் நின்று எண்ணுங்கள். காலை, பதினோரு மணி, சாயங்காலம் என்று கூட்டமுள்ள நேரத்தையெல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரம் தேறும். அந்த ஆறு மணி நேரமும் நிமிடத்துக்கு ஒரு டீக்குக் கொஞ்சம் மேலேயே போனால்தான் 371ஐத் தொட முடியும். பல வருடமாக நிற்கிற கடைக்கே அது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்து போகிறவர்களை எண்ணாதீர்கள், நிற்கிறவர்களை எண்ணுங்கள். உங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்தது. அதிலிருந்து ஸ்டேஷன் வாசல் என்று சொல்லியே வாடகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். காலையில் ஸ்டேஷன் வாசலில் போகிற கூட்டத்தைப் பார்த்தாலே மயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலோர் ரயிலைப் பிடிக்கவோ ஷேர் ஆட்டோவைப் பிடிக்கவோ ஓடுகிறவர்கள்.

டோக்கன் கேட்பவரிடம் ஒப்பந்தத்தின் நகலை முதலில் கேளுங்கள். டோக்கன் திரும்பக் கிடைக்குமா, தூளும் கப்பும் அவர்களிடமே வாங்கியாக வேண்டுமா, என்ன விலைக்கு, எவ்வளவு தூரத்துக்குள் இன்னொரு கிளை திறக்க மாட்டார்கள், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓடுகிற கடைகளின் விலாசத்தை அவர்களே தருவார்கள். மூடின கடையின் விலாசத்தைக் கேட்டு வாங்குங்கள், அங்கே கிடைக்கிற அரை மணி நேரப் பேச்சுக்கு ஈடே இல்லை. மாதக் கடைசி என்ற கெடுவை மறந்துவிடுங்கள். ஏரியா போனால் போகட்டும். இதில் எனக்குச் சந்தேகம் அதிகம், காரணம் டீ இல்லை. நீங்கள் யார்டில் இருக்கும்போது டீ மாஸ்டர் வராத நாளில் யார் பாய்லர் முன்னால் நிற்பது என்பதற்கு உங்கள் கேள்வியில் பதில் இல்லை.

தொக்குக்கு வருவோம். சொந்தக்காரர்களின் 'சூப்பரா இருக்கு' வியாபாரக் கணக்கில் பூஜ்யம். ஓசியில் சாப்பிட்டவர் வேறு என்ன சொல்வார்? சோதிக்க வேண்டுமென்றால் ஒரு முப்பது பாட்டில் போடுங்கள், இலவசமாக ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். பெரம்பூரிலோ மாதவரத்திலோ ஒரு அபார்ட்மென்ட்டில் தெரிந்தவர் மூலம், உங்களையும் உங்கள் மனைவியையும் தெரியாத வீடுகளுக்கு முழு விலைக்கு விற்கச் சொல்லுங்கள். பாட்டில் மேல் போன் நம்பர் ஒட்டியிருக்க வேண்டும். அதன் பிறகு நீங்களாக யாரையும் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்கக் கூடாது. தானாகக் கூப்பிட்டு இரண்டாவது பாட்டில் கேட்கிறவர் எத்தனை பேர் என்று மட்டும் எழுதி வையுங்கள். முதல் பாட்டிலை ஆசைக்கும் வாங்குவார்கள், பழகின முகத்துக்காகவும் வாங்குவார்கள். இரண்டாவதை நாக்குதான் வாங்கும்.

எந்த மாதத்தில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். புரட்டாசியில் பாதி வீட்டில் அசைவம் கிடையாது. கார்த்திகையில் மாலை போட்ட வீடுகள், ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் பார்க்கிற வீடுகள். இந்த மாதங்களில் விற்கவில்லை என்றால் தொக்கின் மேல் பழி போடாதீர்கள். வாங்குகிற பக்கமும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டு விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். பைபர் படகுகள் போனாலும் வரத்து குறையும், மீன் விலை ஏறினால் கருவாடும் கூடவே ஏறும். ஐப்பசி கார்த்திகை மழையில் கருவாடு சரியாகக் காயாது, ஈரக் கருவாட்டில் போட்ட தொக்கு பாட்டிலில் நிற்காது. தை மாசி விலையை வைத்து வருடம் முழுவதுக்கும் கணக்குப் போட்டால் நிச்சயம் அடி விழும்.

இதிலும் ஒரு வகுத்தல் உண்டு. 200 கிராம் பாட்டில் 180 ரூபாய், கருவாடு, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், புளி, பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து 105 என்று வைத்தால் மீதி 75. கடையில் வைத்து விற்றால் கடைக்காரருக்கு 20 சதவீதம், அதாவது 36 ரூபாய் போய் 39தான் மிஞ்சும். மாதம் 25,000 வேண்டுமென்றால் நேரடியாக விற்றால் 334 பாட்டில், கடை வழியாக என்றால் 641. சரி, 641 பாட்டிலுக்குச் சின்ன வெங்காயம் உரிப்பது யார்? ஒரு அடுப்பில் ஒரு தடவைக்கு எத்தனை பாட்டில் இறங்கும்? உங்கள் மனைவி ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் எத்தனை வரும் என்று அவரிடமே கேளுங்கள், அந்த உழைப்புக்குக் கூலி போட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களின் வேலைக்குக் கூலி போடாமல் லாபம் காட்டுகிற கணக்கு என் மேசைக்கு நிறைய வரும். நான் கூலியைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன், அப்போதுதான் முகம் மாறும்.

சட்டப் பக்கத்தில் சுருக்கமாக: வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும், அந்த 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். கூடவே எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, அசைவக் குறி. எத்தனை நாள் கெடாது என்பதை ஊகமாகப் போடாதீர்கள். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துப் போடுங்கள், பதிவை வாங்கிய பிறகே அந்த முப்பது பாட்டிலையும் வெளியாட்களுக்கு விற்பது நல்லது.

இனி, பெல்ட்டுக்கும் தார்ப்பாய்க்கும் பாரிமுனைக்கு ஓடுகிற அந்தப் புலம்பல் வரி. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான், நீங்களோ அதை ஐடியா என்றே கணக்கில் எடுக்கவில்லை. மணலி, மாதவரம், எண்ணூர், அந்தப் பக்கம் காட்டுப்பள்ளி வரை யார்டுகளும் குடோன்களும் இருக்கின்றன. ஏற்றின சரக்கை அசையாமல் கட்ட லேஷிங் பெல்ட், அதை இறுக்கும் ராட்செட், கயிறு, தார்ப்பாய், இடையில் கொடுக்க மரச்சட்டம், ஈரத்துக்கு டிரை பேக், சீல். ஒன்று குறைந்தாலும் டிரெய்லர் நகராது. டிரெய்லர் நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுக்கிறார். அந்த அவசரத்தில் பாரிமுனைக்கு ஓடுகிற ஆளின் அரை நாள் கூலி, பெட்ரோல், தாமதம் மூன்றும் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிற காசு. எந்தப் பொருள் எந்த நேரத்தில் தீரும் என்பது வேறு யாரையும்விட உங்களுக்குத் தெரியும். டீ விஷயத்தில் தெருவில் போகிற யாருக்கும் உங்கள் அளவுக்குத் தெரியும்.

உடனே கடை பிடித்துச் சரக்கு வாங்கி அடுக்கிவிடாதீர்கள். என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் செய்த விதத்தைச் சொல்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் சட்டை தைக்கும் சின்னப் பட்டறைகள் நிறைய, பலரிடம் பட்டன் துளை போடும் காஜா மெஷின் இருக்காது, காஜா பட்டன் வேலையை மட்டும் வெளியே கொடுத்து வாங்குவார்கள். இவர் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். தைத்து முடித்த சட்டைகள் காஜாவுக்காகக் கட்டுக் கட்டாகக் காத்துக் கிடப்பதைத் தினமும் பார்த்தவர். மெஷின் வாங்கலாமா என்று என்னிடம் வந்தார். வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச காலம், பட்டறைகளிடம் சட்டைக் கட்டுகளை வாங்கி, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வைத்து, தூரத்தில் வேலை குறைவாக இருந்த ஒரு காஜாக் கடையில் கொடுத்து, அன்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பீசுக்கு அவர் கையில் நின்றது சில பைசாக்கள். ஆனால் இரண்டு சங்கதி தெரிந்தது. பட்டறைக்காரர்கள் காசு கூடக் கொடுத்தது வேலைக்காக இல்லை, அதே நாள் திரும்பி வருவதற்காக. அப்புறம், யாருமே அன்றன்று காசு தருவதில்லை, எல்லாம் சனிக்கிழமைக் கணக்கு. இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கினார், ஒரு வாரச் செலவைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு.

நீங்களும் சரக்கே வைக்காமல் ஆரம்பிக்கலாம். வேறு யார்டுகளில், குடோன்களில் தெரிந்த சூப்பர்வைசர்களிடம் பேசுங்கள். 'நான் கடை போட்டா வாங்குவீங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் 'கண்டிப்பா' என்பார்கள், நம்ம ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'போன தடவை பெல்ட் தீர்ந்தப்போ என்ன பண்ணீங்க, யார் போனாங்க, என்ன விலை ஆச்சு, பில்லு யார் பாஸ் பண்ணாங்க' என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்ததில் பொய் சொல்வது கஷ்டம். கடைசிக் கேள்விதான் முக்கியம். பொருள் வேண்டும் என்று துடிப்பவர் சூப்பர்வைசர், காசு கொடுப்பவர் பர்ச்சேஸ் மேனேஜர். அங்கே ஏற்கெனவே ஒரு சப்ளையர் இருப்பார், அவருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நமக்குத் தெரியாத ஏற்பாடு இருந்தாலும் இருக்கும். அப்படியென்றால் விலையைக் குறைத்தாலும் உள்ளே போக முடியாது. அதை ஒரு கடை வாடகை கொடுத்துத் தெரிந்துகொள்வதைவிட நாலு டீ வாங்கிக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஒரு ஆர்டரை எடுங்கள். பாரிமுனையில் வாங்கி, பைக்கிலோ குட்டி யானையிலோ கொண்டுபோய் இறக்குங்கள், உங்கள் கூலியை வைத்து பில் போடுங்கள். இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்ததற்கு எவ்வளவு கூடக் கொடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் தொழிலின் விலை. ஒன்றும் கூடக் கொடுக்கவில்லை என்றால் அவர்களுக்கு அந்த அரை நாள் பெரிதில்லை, உங்களுக்கு மட்டும்தான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அதுவும் ஒரு விடைதான். மரச்சட்டத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஏற்றுமதிச் சரக்கோடு போகிற மரத்துக்குச் சூடேற்றிப் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 என்கிற சர்வதேச முத்திரை கேட்பார்கள். மரக்கடையில் அறுத்த சாதாரணச் சட்டத்தைக் கொடுத்து, போய் இறங்குகிற துறைமுகத்தில் சரக்கு மாட்டிக்கொண்டால் உங்கள் பெயர் அதோடு முடிந்தது.

இந்தத் தொழிலில் பணம் மாட்டுகிற இடம் கடன். பாரிமுனையில் புது ஆளுக்கு ரொக்கம்தான். கம்பெனிகளோ பில் கொடுத்து முப்பது, அறுபது நாள் கழித்துத்தான் போடுவார்கள். மாதம் 1,50,000 ரூபாய்க்கு விற்று அறுபது நாள் கடன் கொடுத்தால் எந்த நேரமும் 3,00,000 ரூபாய் வெளியே நிற்கும். 15 சதவீதம் லாபம் வைத்திருந்தாலும் அதில் 2,55,000 உங்கள் கைமுதல். ஆகவே இந்தத் தொழிலுக்கு நான்கு லட்சம் என்பது கடை அட்வான்ஸுக்கான பணம் இல்லை, கடனைத் தாங்குவதற்கான பணம். கடை இல்லாமல் வீட்டு மாடியில் ஒரு ரேக்கோடு ஆரம்பிக்கலாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துவிட்டால் 45 நாளுக்குள் பணம் தந்தே ஆக வேண்டுமே என்று சிலர் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இருப்பது உண்மை. ஆனால் அது உற்பத்தி செய்கிறவருக்கும் சேவை தருகிறவருக்கும். வாங்கி விற்கிற வியாபாரிகளை 2021ல் உத்யத்துக்குள் சேர்த்தபோது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான் சேர்த்தார்கள். ஆகவே அந்த விதியை நம்பிக் கடன் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டியும் அதே மாதிரி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் கம்பெனிகள் பதிவில்லாத ஆளிடம் வாங்கத் தயங்குவார்கள், கட்டின வரியை அவர்கள் கழித்துக்கொள்ள முடியாதே. ஒன்றிரண்டு ஆர்டர் ஓடி, தொடரலாம் என்று தெரிந்ததும் பதிவு எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு விற்பனை இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம்.

சோதனைக்கு முன்னால் இரண்டு எண்களை ஒரு நோட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு பணம் போனால் நிறுத்துவேன், எந்தத் தேதிக்குள் என்ன நடக்காவிட்டால் விடுவேன். 25,000 ரூபாய், மூன்று மாதம், இரண்டாவது ஆர்டர் தானாக வந்த வாடிக்கையாளர் ஐந்து பேர், இப்படி ஏதாவது. ஐந்து என்பது நான் குத்துமதிப்பாகச் சொல்வது, அதற்கு விஞ்ஞானம் எதுவும் கிடையாது. முன்கூட்டியே எழுதியிருப்பதுதான் விஷயம். ஆரம்பித்த பிறகு 'இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்' என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும், கடன் வாங்கியும் பார்க்கச் சொல்லும்.

அதனால் தண்டல் பணத்தைத் தொடாதீர்கள். 10,000 என்று பேர், முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500, தினம் 100 ரூபாய் நூறு நாள். தினமும் விற்கிற பூக்கடைக்கே அது பாரம், அறுபது நாள் கடன் கொடுக்கிற உங்கள் தொழிலில் முதல் வாரமே கழுத்தைப் பிடிக்கும். அரசுத் திட்டங்கள் நல்லவைதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் நகரத்தில் பெண்கள் பெயரில் விண்ணப்பித்தால் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது கையில் வருகிற காசு இல்லை, மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து பிறகு கடனில் கழியும். முதல் தடவை அது புதிதாக ஆரம்பிக்கிற தொழிலுக்குத்தான், ஏற்கெனவே ஓடுகிற தொழிலுக்கு இல்லை. ஓடுமா என்று பார்க்கிற கட்டத்தில் மானியத்துக்காகவே தொழிலைத் தேர்ந்தெடுப்பது தலைகீழ் வேலை.

கடைசியாக, உங்கள் வேலை. நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள், வேறு தொழில் செய்யக் கூடாது என்று பல கம்பெனிகள் போட்டிருப்பார்கள். என்ன போட்டிருந்தாலும் நீங்கள் சம்பளம் வாங்கும் யார்டுக்கு நீங்களே சரக்கு விற்காதீர்கள், சோதனைக்குக்கூட. அது வெளியே வந்தால் வேலையோடு பெயரும் போகும், அந்த வட்டாரத்தில் எல்லா யார்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மனைவி பெயரில் பதிவு எடுப்பதாக இருந்தால் கையெழுத்தும் வரியும் கடனும் அவர் பொறுப்பாகிவிடும் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு எடுங்கள். பில் போடுவதும் பணம் கேட்பதும் உண்மையிலேயே அவர் செய்கிற வேலையாக இருக்கட்டும். எப்போது வேலையை விடலாம் என்று அடுத்து கேட்பீர்கள். கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம் குறைந்தது இரண்டு சுற்று முழுதாகத் திரும்பி வந்து, அதை வைத்தே அடுத்த சரக்கை வாங்கியிருக்க வேண்டும். ஆர்டர் வந்தது என்பதற்காக விடாதீர்கள், பணம் வந்த பிறகு பேசலாம்.